இறகுப்பூ மேட்டின் கீழ் முனை

1

சைரன் அலறியபோது என் கதாநாயகி மணமேடையில் உட்கார்ந்திருந்தாள்.

அது வேறு கதை. வாரப் பத்திரிகைத் தொடர். மாப்பிள்ளை கையில் தாலி. 'கெட்டிமேளம்' என்று எழுதி ஆச்சரியக்குறி போடப் போகும்போது ஊர்த் தீயணைப்புக் கொட்டகையிலிருந்து சத்தம் எழுந்தது. தாலியை மாப்பிள்ளை கையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். (இரண்டு வாரம் அவன் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். வாசகர்கள் கோபித்துக்கொண்டு எழுதினார்கள். அந்தத் தாமதத்துக்குக் காரணம் இந்தக் கதைதான்.)

நான் ஓடித்தான் ஆக வேண்டும். கான்சாஸ் புல்மேட்டில் இருக்கும் எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். பெரிய வண்டி ஓட்டுகிறவர்கள் இங்கே குறைவு என்பதால் தீயணைப்புத் தண்ணீர் வண்டியும் என் தலையில் விழுந்தது. மங்கையர்க்கரசி என்ற பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாமல் மேகி ஆகிவிட்டேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

ஏப்ரலில் புகையைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் சைரன் ஊத மாட்டார்கள். மாடு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைக்கும் மாதம் அது. கொடியில் காயும் துணியிலும் புகை வாசம்தான். ஆனால் புல் எரிந்தால் புகை வெள்ளையாக வரும். அன்று தெற்கே கறுப்பாக எழுந்தது. கறுப்பு என்றால் எண்ணெய்ப்பசையுள்ள ஜூனிப்பர் மரம் எரிகிறது. ஜூனிப்பர் அப்படி மண்டிக்கிடக்கும் இடம் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான்.

வண்டியில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்த தீயணைப்புத் தலைவர் டெல்பர்ட், புகையைப் பார்த்ததும் தொப்பியை இறக்கி முகத்தை மூடிக்கொண்டார்.

"வெர்லாவோட தெற்கு மேடு. போச்சு. இன்னிக்கு அவ நம்ம எல்லாரையும் கொல்லப் போறா."

2

இந்தக் கதையைப் பல தடவை ஆரம்பித்துப் பார்த்தேன்.

'அந்த மேட்டுக்கு வெர்லா தீயே வைத்ததில்லை. காரணம் அவளுடைய கணவன்—'

(இல்லை. காரணத்தை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டால் மீதிப் பக்கத்தை ஆசிரியர் சமையல் குறிப்புக்குக் கொடுத்துவிடுவார். தவிர, வெர்லாவை 'அவள்' என்று எழுதக் கை வரவில்லை. என்னைவிட மூத்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். தமிழில் பெயருக்குப் பின்னால் எல்லாருக்கும் ஒரு 'அக்கா' ஒட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். என்னை 'மேகியக்கா' என்று கூப்பிடுவதை நிறுத்தவே ஒரு வருஷம் ஆயிற்று.)

'இறகுப்பூ என்பது செவ்வந்திக் குடும்பத்தைச் சேர்ந்த—'

(பள்ளிக்கூட வாடை. ஆனாலும் பூவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.)

இறகுப்பூ என்பது நான் வைத்த பெயர் இல்லை. இங்கே அதற்கு இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. அதில் ஒன்றைத் தமிழில் எழுதினால் இப்படி வருகிறது. செவ்வந்திக்கும் சூரியகாந்திக்கும் இது சொந்தம். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது. இடுப்பளவுக்கு ஒற்றைத் தண்டு. அதைச் சுற்றிலும், பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி, நெருக்கமாகப் பஞ்சுப் பூ. நிறம் நம் வாடாமல்லி. ஆகஸ்டில், வெயிலில் புல்லே சோர்ந்து நிற்கிற நேரத்தில், இது பூக்கும். தண்டில் பூக்கிற மற்றச் செடிகள் அடியில் ஆரம்பித்து மேலே போகும். இது நுனியில் முதலில் திறந்து, நாள்பட நாள்பட இறங்கி வரும். கடைசி மொட்டு அடியில்.

மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. வெளியே ஒன்றுமே தெரியாத வருஷத்திலும் அது உயிரோடு கிடக்கும். ஆனால் எவ்வளவு காலம் காத்திருப்பேன் என்று எந்தக் கிழங்கும் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

இந்தப் பூவுக்குத் தீ வேண்டும். எரிக்காமல் விட்டால் பழைய புல் சருகாகிப் பாய் விரித்த மாதிரி மண்ணை மூடிவிடும். முளைக்கு வெளிச்சம் கிடைக்காது. பின்னாலேயே ஜூனிப்பர் வரும். அதன் நிழலில் இறகுப்பூ நிற்காது. ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும்.

வெர்லாவுக்கும் தெரியும். தெரிந்துதான் எரிக்காமல் வைத்திருந்தார்.

3

காரணத்தை இப்போது சொல்லலாம்.

எங்கள் பக்கம் யாரும் தனியாகத் தீ வைப்பதில்லை. இரண்டு முனை, இரண்டு ஆள். காற்று போய்ச் சேரும் முனையில் ஒருவர் முதலில் வைப்பார். அந்தத் தீ காற்றுக்கு எதிராக மெல்ல ஊர்ந்து, வேலியோரம் ஒரு கருப்புப் பட்டை போடும். பட்டை அகலமானதும், காற்று புறப்படும் முனையில் இருக்கிறவர் தொப்பியைத் தூக்கிக் காட்டுவார்: வைக்கவா? இந்தப் பக்கத்து ஆளும் தொப்பியைத் தூக்குவார்: வை. அதற்கப்புறம்தான் பெரிய தீ. அது காற்றோடு ஓடிவந்து கருப்புப் பட்டையில் முட்டி, தின்ன ஒன்றும் இல்லாமல் படுத்துவிடும்.

கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், புகைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒருவர் கையை நம்பி நெருப்பு வைக்கிற காரியம் இது. அதனால் 'யாரோடு எரிக்கிறாய்?' என்பது இங்கே சின்னக் கேள்வி இல்லை. அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனதை, எரிப்பதற்கு வேறு வேறு ஆளைக் கூப்பிடும்போதுதான் ஊர் தெரிந்துகொள்ளும். ஒரு பையனும் பெண்ணும் சேர்ந்து எரித்தால் அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் எல்லார் தலையும் திரும்பும்.

வெர்லாவும் அவர் கணவர் லோவலும் கல்யாணமான வசந்தத்தில் முதலில் எரித்தது அந்தத் தெற்கு மேட்டைத்தான். மேல் முனையில் வெர்லா, கீழ் முனையில் லோவல்.

"அந்த ஆகஸ்ட்ல மண்ணே தெரியல, கண்ணு" என்றார் வெர்லா ஒரு தடவை. "முழுக்கப் பூ. அந்த ஆளு நடுவுல போய் மல்லாந்து படுத்துட்டு, 'என்னைக் கண்டுபிடி'ங்கிறான். ஆறடி ஆளு. நெஜமாவே தெரியல."

பிறகு இரண்டு வருஷம் மழை தப்பியது. லோவல் வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனார். ஒரு குளிர்காலம் மட்டும் என்றார். வண்டியைக் கிளப்பிய பிறகு, ஏதோ மறந்ததைப் போலக் கண்ணாடியை இறக்கி, "தெற்கு மேட்டை மட்டும் விட்டு வை. நான் வந்ததும் நாம எரிப்போம்" என்றார்.

முதலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசினார். அப்புறம் பிறந்தநாளுக்கு. அப்புறம் இல்லை. அங்கே அவருக்கு இன்னொரு வீடு இருப்பதாகச் சொன்னார்கள். வெர்லா மறுக்கவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. மற்ற நிலத்தையெல்லாம் வருஷாவருஷம் பக்கத்து நிலத்துக்காரர் ஒரினோடு சேர்ந்து எரித்தார். தெற்கு மேட்டை விட்டு வைத்தார். ஊர் கொஞ்ச காலம் கேலி செய்தது. பிறகு கேலியை நிறுத்திக்கொண்டது. அதைத்தான் வெர்லாவால் தாங்க முடியவில்லை.

போன ஆகஸ்டில் என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஜூனிப்பர்களுக்கு நடுவே கொஞ்சம் வெயில், அதில் ஒரே ஒரு இறகுப்பூ. மெக்சிகோ போகிற வழியில் இறங்குகிற ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி ஒன்று அதில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று சுற்றிச் சுற்றி வந்தது.

"பாரு, க்யூவுல நிக்குது" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"இன்னும் ஒரு கோடை. அப்புறம் இது மரக்காடு. எரிச்சா பூ வரும், எனக்குத் தெரியாதா? ஆனா எரிச்சா, அந்த ஆளு வர மாட்டான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி."

4

சைரன் நாளுக்கு வருவோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஜூனிப்பர்கள் கரிக்குச்சியாக நின்றன. தீ சரிவில் இறங்கி வந்து, கீழே வேலியோரம் இருந்த கருப்புப் பட்டையில் முட்டி அடங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டையைப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி ஒழுங்காக இருந்தது. தப்பி வந்த தீ பட்டை போடாது.

மேல் முனையில் தன் வண்டிமேல் சாய்ந்தபடி வெர்லா. கீழே வேலியோரம், தன் நிலத்துப் பக்கத்தில், ஒரின்.

டெல்பர்ட் இறங்கினார். "யாருப்பா வெச்சது? எனக்கு ஒருத்தரும் போன் பண்ணலையே?"

"என் தீதான்" என்றார் ஒரின். "தாண்டிடுச்சு."

டெல்பர்ட் விரலை எச்சில் பண்ணி உயர்த்திப் பிடித்தார். "காத்து தெக்கேருந்து வருது. உன் நிலம் வடக்க இருக்கு. காத்துக்கு எதுக்கத் தாண்டுச்சாக்கும்? உன் தீக்கு ரிவர்ஸ் கியர் வெச்சிருக்கியாடா?"

"சில சமயம் நடக்கும்."

"அதுவும் நீ போன வாரமே எரிச்சு முடிச்ச நிலத்துலேருந்து?"

"சில சமயம் நடக்கும்னேன்ல."

இதற்குள் வெர்லா சாம்பலில் நடந்து இறங்கி வந்துவிட்டார். முகமெல்லாம் கரி. கண் ஓரத்தில் மட்டும் கரி இல்லை.

"அவரு சொல்றாருல்ல. அப்படியே வெச்சுக்கோ, டெல்பர்ட்" என்றார்.

டெல்பர்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நெருப்பைவிட ஆபத்தான இடத்தில் கால் வைத்துவிட்டவர் போலப் பின்வாங்கினார்.

"சரி. தாண்டுன தீக்கு அபராதம். வண்டியில வந்த அத்தனை பேருக்கும் நாளைக்கு மத்தியானம் இவன் செலவு."

மறுநாள் ஊர்க் கடையில் எல்லாரும் சில்லிக் குழம்பும் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிட்டோம். (ஆமாம், காரமும் இனிப்பும் சேர்த்துத்தான். எனக்கும் பழகிவிட்டது.) ஒரின் வழக்கம்போல வரிசையின் இடது கோடியில் உட்கார்ந்தார். ஒரு காளை அவர் வலது தோளை இரும்புக் கேட்டோடு வைத்து நசுக்கியதிலிருந்து அந்தக் கை இடுப்புக்கு மேல் எழும்பாது. இடது கையால் சாப்பிட்டால் பக்கத்து ஆளின் முழங்கையில் இடிக்கும். அதனால் அந்தக் கோடி நாற்காலி அவருடையது.

"தீ மட்டுமில்ல, இவனும் ரிவர்ஸ்லதான் சாப்பிடுறான்" என்றார் டெல்பர்ட். எல்லாரும் சிரித்தார்கள். ஒரினும் சிரித்தார். ரொட்டியை மட்டும் தொடவே இல்லை.

5

ஒரினை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல்.

செய்யாத தப்பைத் தன்மேல் போட்டுக்கொள்கிற ஆணை வாரப் பத்திரிகையில் எழுதினால், 'கல்யாணமாகாதவரா? முகவரி தருவீர்களா?' என்று கடிதம் வரும். நம்ப மாட்டார்கள். அதனால் கொஞ்சம் கெடுத்துப் பார்த்தேன்.

'ஒரினுக்கு வெகு நாளாகவே அந்த நிலத்தின் மேல் ஒரு கண். வேலியை நகர்த்த—'

(அடித்துவிட்டேன். இருக்கிற நிலத்தையே அவரால் சுற்றிவர முடியவில்லை.)

'ஒரினும் லோவலும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெண்ணை—'

(இதில் உண்மை இருக்கலாம். ஊரில் யாரும் சொல்லவில்லை. சொல்லாததே எனக்குப் போதும். ஆனாலும் அடித்துவிட்டேன்.)

கடைசியில் கற்பனை ஓடாமல் அவரிடமே போனேன். மே மாதம். குழந்தைகளை இறக்கிவிட்டு வெறும் பேருந்தோடு திரும்பும்போது, வேலியில் கருகிப்போன கம்பங்களை அவர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரின், அந்தப் பட்டையை நீங்களா போட்டீங்க?"

"பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்திட்டு வந்து கேக்குற கேள்வியா இது?"

"பின்னால ஒரு வண்டியும் வரல. சொல்லுங்க."

கடப்பாரையை மண்ணில் ஊன்றினார். "நான் போடல. புகையைப் பார்த்துட்டு வேலிக்கு வந்தேன். இங்க ஆளே இல்ல. பட்டை மட்டும் பதமா ஊர்ந்துட்டிருந்துச்சு. அவ கை வேலைன்னு தெரிஞ்சுபோச்சு. இங்க வெச்சுட்டு, வண்டியில சுத்திக்கிட்டு மேல போயிருக்கா. தனியா ரெண்டு முனையும். பைத்தியக்காரி."

"அப்புறம்?"

"மேல வந்து நின்னா. தொப்பியைக் கழட்டித் தூக்கினா." அவர் மேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பழக்கம் வேற என்ன. கீழ யாரும் இல்லைன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் தூக்கினா. தூக்கினவ இறக்கல, மேகி. அப்படியே நிக்கிறா. நிக்கிறா. நின்னுக்கிட்டே இருக்கா. எனக்குப் பொறுக்கல. நானும் தொப்பியைத் தூக்கினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வெச்சா."

கொஞ்ச நேரம் கம்பத்தைச் சுற்றி மண்ணை மிதித்தார்.

"உங்களைப் பார்த்துத்தான் வெச்சாங்களா?"

"நடுவுல அவ்வளவு புகை. அவ ஒரு தொப்பியைப் பார்த்தா. யாரு தொப்பிங்கிறதை அவ மனசு முடிவு பண்ணியிருக்கும். கீழ் முனை யாரோட இடம்னு ஊருக்கே தெரியும்."

"நான் சொல்லிடட்டுமா?"

"வேணாம்." முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "அந்த ஆளு வந்து நின்னு, 'போதும், வெச்சுடு'ன்னு சொன்ன மாதிரி அவ நெனைச்சிருந்தா, அது அவளுக்கு நல்லது. அதைக் கெடுக்க நான் யாரு? நீ போய் பஸ்ஸை எடு."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

6

ஆசிரியரிடம் இதுவரை எழுதியதை அனுப்பினேன். குரல்செய்தி வந்தது.

"மேடம், பிரமாதம். ஆனா புருஷனைக் கூட்டிட்டு வந்துடுங்க. வாசகிகள் அழணும்ல?"

கூட்டிவந்து பார்த்தேன்.

'கதவு தட்டப்பட்டது. வெர்லா திறந்தார். வாசலில், கையில் ஒரு பெட்டியோடு, லோ—'

பெட்டியோடு அவரை அங்கேயே நிறுத்திவிட்டேன். அவருக்கு என்ன பேசக் கொடுப்பது என்று தெரியவில்லை. என்ன பேசினாலும், 'மேட்டை எரிச்சுட்டியா?' என்றுதான் காதில் விழுந்தது.

ஒரின் ஆகஸ்ட் பூக்களுக்கு நடுவே, கையில் மோதிரத்தோடு, முழங்கால் போடுகிற மாதிரி இன்னொன்று. அவர் முழங்கால் போட்டால் எழுந்திருக்க ஆள் வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொரு முடிவும் எழுதினேன். பூ வரவே இல்லை. கிழங்கு காத்திருந்து காத்திருந்து எப்போதோ செத்துப்போயிருந்தது. வெர்லா எரித்தது வெறும் மண்ணை. இதை எழுதிவிட்டு நானே பயந்துபோய்க் கிழித்தேன். ஏனென்றால் ஜூன் முடிகிறவரைக்கும் நிஜத்தில் அந்த முடிவுதான் நடந்துகொண்டிருந்தது. பேருந்துப் பாதையிலிருந்து சரிவு தெரியும். புல் வந்துவிட்டது. வேறொன்றும் இல்லை. பள்ளி விடுமுறையிலும் ஒரு காரணமும் இல்லாமல் அந்த வழியாக ஓட்டிக்கொண்டு போவேன். வெர்லாவின் வண்டி சில நாள் மேலே நிற்கும். அவர் குனிந்து புல்லை விலக்கிக்கொண்டிருப்பார். நான் ஹாரன் அடிக்காமல் போய்விடுவேன்.

7

ஆகஸ்டில் ஒரு மாலை வெர்லாவிடமிருந்து போன். "கண்ணு, வா." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

போனேன். வெர்லா சொன்ன 'மண்ணே தெரியல' என்பது மிகை என்று நினைத்திருந்தேன். மிகை இல்லை. கரிக்கட்டையாக நிற்கும் ஜூனிப்பர்களின் இடுப்புவரை வாடாமல்லி நிறம். காற்று சரிவில் இறங்கும்போது மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஒவ்வொரு தண்டிலும் ஆரஞ்சுச் சிறகுகள் திறந்து மூடின. யாரும் க்யூவில் நிற்கவில்லை.

வெர்லா வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே, தூரத்தில், வேலியோரம் ஒரு உருவம் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியை ஒரின் ஜூலையிலேயே முறுக்கி முடித்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும்.

நுனிகள்தான் திறந்திருந்தன. தண்டுகளின் கீழ்ப்பாதி முழுக்க இன்னும் பச்சை மொட்டு.

(இங்கேதான் நான் முடிவு எழுத வேண்டும். முடியவில்லை. ஒரினிடம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி வரப்போகும் வெர்லாவின் வரியைக் கேட்ட பிறகு, அந்த வாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே புரியவில்லை. அந்த வரியை ஒரினிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதா, பூ தானே இறங்கி அடி மொட்டுக்கு வரட்டும் என்று விடுவதா? ஆசிரியர் பக்கத்தைக் காலியாக விடமாட்டார். நீங்கள் மனசுக்குள் எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்டதைக் கேட்டபடி வைத்துவிட்டு நகர்கிறேன்.)

"அன்னிக்கு நான்தான் வெச்சேன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார் வெர்லா.

"தெரியும்க்கா."

"டெல்பர்ட்டுக்கும் தெரியும். கழுதை, வாயைத் திறக்க மாட்டேங்கிறான்." சிரித்தார். "இங்கதான் நின்னேன். கையைத் தூக்கிட்டேன். தூக்கின அப்புறம்தான் உறைக்குது, கீழ யாரு இருக்கான்னு. இறக்கவும் மனசு வரல. இறக்கிட்டா எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும்ல? அப்படியே நின்னேன். கை கடுக்குது. அப்போ, புகைக்குள்ள, அந்தப் பக்கம் ஒரு தொப்பி எழும்புச்சு."

அவர் வேலியோரத்து உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"லோவல்னு நெனைச்சீங்களாக்கா?"

வெர்லா மடியிலிருந்த தொப்பியை எடுத்தார். சாம்பலைத் தட்டுகிற மாதிரி முழங்காலில் மெல்லத் தட்டினார். அதில் சாம்பல் ஒன்றும் இல்லை.

"லோவல் என்னிக்குடி இடது கையால தொப்பியைத் தூக்கினான்?"